எல்லை தாண்டி வெடித்த குண்டுக்கு எந்தத் தாலுகா ஆபீஸில் மனு கொடுப்பது?

பாலாறு_ஜெராக்ஸ்
ஆகஸ்ட் 21, இரவு 9.12

வேலூர் காந்தி ரோட்டுக்குப் பின்னாடி சந்துல எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. வர்றவங்கள்ல பாதிப் பேர் ஆஸ்பத்திரிக்கு வந்தவங்க. கொல்கத்தா, டாக்கா, அசாம், மணிப்பூர். லாட்ஜ்ல ரூம் போட்ட கையோட பாஸ்போர்ட், விசா காப்பி எடுக்க இங்கதான் வந்து நிப்பாங்க. இந்தியில பாதி, கையில பாதின்னு பேசிப் பழகிட்டேன்.

இன்னைக்கு மதியம் ஒருத்தர் மகளோட வந்தார். தமிழ்ல பேசினதும் நிமிர்ந்து பார்த்தேன். மட்டக்களப்பாம். 2019 ஈஸ்டர் அன்னைக்கு சீயோன் சர்ச்சுக்குப் போயிருந்த குடும்பம். பொண்ணுக்கு அப்போ ஆறு வயசு. இடது காது போச்சு. அவர் தோள்பட்டைக்குப் பின்னாடி ஒரு இரும்புத் துண்டு இன்னமும் உள்ளேயே கிடக்கு. எக்ஸ்ரேவை என் டியூப்லைட்டுக்கு நேரா தூக்கிக் காட்டினார். எலும்புக்குப் பக்கத்துல ஒரு நொய்யரிசி அளவுக்கு வெள்ளைப் புள்ளி. "இது எடுக்கேலாதாம், கிடக்கட்டுமாம்"னு சிரிச்சார்.

ஃபைல் முழுக்க 2 செட், 64 பக்கம். காசு வேணாம்னேன், அவர் கேக்கல. போறப்ப படியில நின்னு கேட்டார்: "உங்கட நாட்டில இப்பிடி அடிபட்ட ஆக்களுக்கு அரசாங்கம் என்ன தம்பி குடுக்கிறது?"

எனக்குத் தெரியல. "விசாரிச்சுச் சொல்றேங்கண்ணே"ன்னு அனுப்பிட்டேன். ராத்திரி ஃபோனைப் பார்த்தா, இன்னைக்குத்தான் பயங்கரவாதத்தால பாதிக்கப்பட்டவங்களுக்கான சர்வதேச நினைவு நாளாம். 2017ல ஐ.நா. அறிவிச்சு 2018ல இருந்து நடக்குதாம். அந்த நாள்ல அந்த மனுஷன் என் கடையில நின்னு காப்பி எடுத்துட்டுப் போயிருக்கார். அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

தெரிஞ்சவங்க சொல்லுங்க. நம்ம ஊர்ல என்ன இருக்கு? நாடு விட்டு நாடு வந்தவங்களுக்கு ஏதாவது இருக்கா?

---

கோட்டைவாசல்_ஓய்வு
ஆகஸ்ட் 21, இரவு 10.05

தம்பி, கலெக்டர் ஆபீஸில் 31 வருஷம் குப்பை கொட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

மத்திய உள்துறையின் உதவித் திட்டம் ஒன்று இருக்கிறது. 2008 ஏப்ரல் 1 முதல் அமல். முதலில் 3 லட்சம், 2016 ஆகஸ்ட் 24-க்குப் பிறகு நடந்த சம்பவங்களுக்கு 5 லட்சம். மரணம், அல்லது 50 சதவீதமும் அதற்கு மேலும் நிரந்தர ஊனம். பயங்கரவாதம், மதக்கலவரம், நக்சல் வன்முறை, எல்லையில் துப்பாக்கிச்சூடு, கண்ணிவெடி எல்லாம் இதற்குள் அடக்கம். மாவட்டக் கமிட்டிக்குக் கலெக்டர் தலைவர். மாநிலம் முதலில் கொடுத்துவிட்டு டெல்லியில் இருந்து திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும்.

பணத்தைக் கையில் தரமாட்டார்கள். குறைந்தது 3 வருஷத்துக்கு வங்கியில் வைப்பு, வட்டி மட்டும் கணக்குக்கு வரும். இந்த ஏற்பாட்டை நான் குறை சொல்ல மாட்டேன். இழவு வீட்டில் மொத்தப் பணம் வந்தால் யார் யார் வந்து திண்ணையில் உட்காருவார்கள் என்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அந்த 50 சதவீதம்தான் நெருடல். ஒரு காது மட்டும் போன பெண் குழந்தை அந்தக் கோட்டை எட்டுவது கடினம். தோளில் துண்டு கிடக்கிறது, ஆனால் கை தூக்க முடிகிறது என்றால் அதுவும் அப்படித்தான். குண்டுக்குப் பக்கத்தில் நின்றவர் உயிரோடு திரும்பியதே ஃபைலில் அவருக்கு எதிராகப் போய்விடும்.

இன்னொன்று. திட்டத்தின் பெயரிலேயே "இந்திய மண்ணில்" என்று ஒரு வால் உண்டு. அதை மறக்க வேண்டாம்.

---

குடியாத்தம்2அபுதாபி
ஆகஸ்ட் 21, இரவு 11.31

சார் சொன்ன அந்த வாலைப் பத்திதான் நான் பேசணும்.

2022 ஜனவரி 17 ஞாபகம் கீதா? இங்க அபுதாபி முசாஃபால ட்ரோன் வந்து பெட்ரோல் டேங்கர்லாம் வெடிச்சிச்சே. ஏமன்ல இருந்து ஹூதிங்க அனுப்பினது. செத்தது 3 பேரு. 2 பேர் நம்ம நாடு, ஒர்த்தர் பாகிஸ்தான். நான் அப்போ அங்கேர்ந்து 20 நிமிஷ தூரத்துல ஷிஃப்ட்ல இருந்தேன். சைரன் சத்தம் கேட்டு இன்னா ஏதுன்னு தெரியாம எல்லாரும் வெளிய ஓடியாந்தோம். அன்னிக்கு ராத்திரி கேம்ப்ல ஒர்த்தனும் தூங்கல. எங்கம்மா குடியாத்தத்துலேர்ந்து ராத்திரி ஃபுல்லா ஃபோன் பண்ணிகினே இருந்தாங்கோ.

அன்னிக்கு நாங்க பேசிகினு இருந்தது இதான். குண்டு போட்டவன் ஒரு நாடு, விழுந்தது ஒரு நாடு, செத்தவன் ஒரு நாடு. யார்கிட்ட போய் நிப்ப? தூதரகத்துல 2009ல இருந்து ஒரு நல நிதி கீது, உடம்பை ஊருக்கு அனுப்ப அதுலேர்ந்து செலவு பண்ணுவாங்கோ, அது நெஜம். கம்பெனி நல்ல கம்பெனியா இருந்தா இன்சூரன்ஸ் வரும். சப்-கான்ட்ராக்ட்ல வந்தவனுக்கு?

@பாலாறு ணா, அந்த மட்டக்களப்பு அண்ணன் கேட்ட கேள்விய நான் திருப்பிக் கேக்கறேன். எனக்கு இங்க ஒண்ணு ஆச்சுன்னா எங்கம்மா எந்த ஆபீஸ் படி ஏறணும்?

---

வெயில்108
ஆகஸ்ட் 21, இரவு 11.48

இன்னாத்துக்கு பா இவ்ளோ பேச்சு. புடிச்சியா, நிக்க வச்சுப் போட்டுத் தள்ளு. கேஸு, கோர்ட்டு, ஐ.நா.ன்னு 20 வருஷம் சோறு போட்டுகினு இருக்கறது. செத்தவன் குடும்பத்துக்கு அதான் நிம்மதி.

---

சத்துவாச்சாரி_வக்கீல்
ஆகஸ்ட் 22, காலை 6.50

வெயில் தம்பி, வேலூர் சூட்டுல ராத்திரி 11.48க்கு அப்படித்தான் தோணும். 2008 மும்பைத் தாக்குதல் கேஸை எடுத்துக்குங்க. 166 உயிர். அன்னைக்கு உயிரோட பிடிபட்ட கசாப்பையும் மத்தவங்க மாதிரி அங்கேயே சுட்டிருந்தா, "எங்க ஆளே இல்ல"ன்னு கைகழுவியிருப்பாங்க. ஒருத்தன் உயிரோட இருந்து கோர்ட்டுல நின்னதாலதான் கராச்சியில இருந்து வந்த கதை பதிவாச்சு. 2012 நவம்பர்ல தூக்கு. அதோட முடியல. தாக்குதலுக்கு வேவு பார்த்த ஹெட்லி அமெரிக்க ஜெயில்ல இருந்தபடியே 2016ல வீடியோ வழியா மும்பை கோர்ட்டுல சாட்சி சொன்னான். அவனோட கூட்டாளி ராணாவை 2009ல சிகாகோவுல பிடிச்சாங்க, நம்ம கைக்கு வந்தது 2025 ஏப்ரல் 10. கணக்குப் போட்டுப் பாருங்க, 15 வருஷத்துக்கு மேல. நாடுகள் ஒத்துழைக்கிறதுன்னா பெரும்பாலும் இதுதான். கோர்ட்டுல இருந்து கோர்ட்டுக்குக் கடிதம், மொழிபெயர்ப்பு, முத்திரை, "இந்தக் குற்றம் உங்க சட்டத்துலயும் குற்றமா"ன்னு ஒரு கேள்வி, அதுக்கு ஒரு அப்பீல். பிணம் எரிச்ச சாம்பல் ஆறி, பிள்ளைங்க காலேஜ் முடிச்சு, அப்புறம்தான் சம்மன் வரும்.

குடியாத்தம் தம்பி கேட்டதுக்கு வர்றேன். மோசூல் நினைவிருக்கா? 2014ல ஐ.எஸ். கடத்தின 39 இந்தியக் கூலித் தொழிலாளிகள். 27 பேர் பஞ்சாப். வீட்டுல இருக்கறவங்க கிட்டத்தட்ட 4 வருஷம் "இருக்கானா இல்லையா"ன்னு தெரியாம இருந்தாங்க. கடைசியில பாதூஷ்ங்கற இடத்துல ஒரு மண்மேட்டை ரேடார் வச்சுப் பார்த்துத் தோண்டினாங்க. இங்க இருந்து அப்பா, அம்மா, அண்ணன் தம்பி ரத்த மாதிரியை பாக்தாத்துக்கு அனுப்பி, டி.என்.ஏ. பொருத்தி, 2018 மார்ச்ல நாடாளுமன்றத்துல அறிவிச்சாங்க. ஏப்ரல் 2 அன்னைக்கு 38 பெட்டி வந்துச்சு. ஒண்ணு முழுசா பொருந்தலைன்னு அப்போ வரலை. குடும்பத்துக்கு 10 லட்சம்னு பிரதமர் அறிவிச்சார். அது அந்தச் சம்பவத்துக்குன்னு தனியா அறிவிச்சது. அந்த 39 பேருக்கு நாடே அழுதுச்சு, கிடைச்சுது. தனியா ஒருத்தர் செத்தா அப்படி அறிவிப்பு வருமான்னா, அதுக்குச் சட்டத்துல பிடி எதுவும் கிடையாது.

உங்கம்மா ஏற வேண்டிய படி எதுன்னு என்னால ஒரே வாக்கியத்துல சொல்ல முடியல தம்பி. தூதரகம், கம்பெனி, கலெக்டர் ஆபீஸ்ல வெளிநாட்டுவாழ் தமிழர் மனுன்னு மூணு பக்கமும் ஒரே நேரத்துல போகணும். இதுக்கு மேல நல்ல பதில் என்கிட்ட இல்ல.

---

வெயில்108
ஆகஸ்ட் 22, காலை 7.15

சரிக்கா. ராத்திரி கரண்ட் வேற இல்ல, அந்தக் கடுப்பு.

---

ஆம்பூர்_தோல்
ஆகஸ்ட் 22, காலை 10.22

இந்த "நாடுகள் ஒத்துழைப்பு" இன்னொரு வழியா எங்க வீட்டுக் கதவைத் தட்டின கதையைச் சொல்றேன். இழைக்குப் பொருத்தமான்னு நீங்க முடிவு பண்ணிக்கோங்க.

நாங்க ஷூ மேல்பகுதி தைச்சு இத்தாலிக்கு அனுப்பறோம். ரெண்டு வருஷம் முன்ன ஒரு பில்லுக்கு பணம் வரலை. பையர் அனுப்பிட்டேன்கறார், ரசீதும் காட்டறார். இங்க வங்கியில கேட்டா "நடுவுல நிக்குது சார்". எங்க நிக்குது, யார் நிறுத்தினாங்க, ஒருத்தரும் வாய் திறக்கல. 23 நாள். அப்புறம் ஒரு மெயில்: உங்க பெயர் ஒரு தடைப்பட்டியல் பெயரோட ஒத்துப்போகுது, விளக்கம் தரவும்.

விஷயம் என்னன்னா, நம்மூர்ல எல்லாருக்கும் இனிஷியல். என் பெயருக்கு முன்னாடி ரெண்டு எழுத்து. பாஸ்போர்ட் எடுக்கறப்ப அதை விரிச்சு எழுதணும்னாங்க, தாத்தா பேர், அப்பா பேர் ரெண்டையும் போட்டோம். மூணையும் சேர்த்துப் படிச்சா எங்கேயோ இருக்கற ஒருத்தனோட நாலாவது மாற்றுப்பெயர் மாதிரி வருது. அந்த ஐ.நா. பட்டியலை உட்கார்ந்து படிச்சேன். "நல்ல தரமான மாற்றுப்பெயர்", "தரம் குறைந்த மாற்றுப்பெயர்"னு ரெண்டு வகை வச்சிருக்காங்க. நான் ஒத்துப்போனது தரம் குறைஞ்சதோட. அதுலயும் ரெண்டாந்தரம்!

ஜி.எஸ்.டி., ஐ.இ.சி. (ஏற்றுமதி-இறக்குமதி எண்), ஷிப்பிங் பில், பாஸ்போர்ட் நகல், "நான் அவன் இல்லை"ன்னு லெட்டர்ஹெட்ல கையெழுத்து. பணம் வந்துச்சு. அந்த மாசம் தையல்காரங்களுக்குச் சம்பளம் 11 நாள் லேட்.

வேணாம்னு சொல்லலை. தாலிபான் மேல 1999ல 1267 தீர்மானம் கொண்டுவந்து, அப்புறம் அல்-கொய்தாவையும் சேர்த்து சொத்து முடக்கம், பயணத் தடைன்னு வலுவாக்கினது நியாயம்தான். காசு இல்லாம குண்டு வெடிக்காது. ஆனா எங்க பேரைத் தாங்கி எங்க ஊர்ல தெருவுக்கு 10 பேர் இருக்கோம். தடுக்கறதுக்கு மெஷின் வச்சிருக்காங்க, தப்பா தடுத்தா மன்னிப்புக் கேக்க ஆள் வைக்கலை. பட்டியல்ல இருந்து பேரை எடுக்க மனு வாங்கி விசாரிக்கற அதிகாரியே 2009 தீர்மானத்துலதான் வந்தார். அதுவும் பட்டியல்ல நிஜமாவே இருக்கறவனுக்கு. பேர் மட்டும் ஒத்துப்போனவனுக்கு வங்கி மேனேஜர்தான் ஐ.நா.

---

வெயில்108
ஆகஸ்ட் 22, காலை 10.40

பாய், தரம் குறைஞ்ச மாற்றுப்பெயர் 😂 மன்னிச்சுடுங்க, சிரிப்பை அடக்க முடியல

---

ஆம்பூர்_தோல்
ஆகஸ்ட் 22, காலை 10.44

சிரிங்க சிரிங்க. வீட்டுல இப்போ என்னை அப்படித்தான் கூப்பிடறாங்க.

---

நெறியாளர்
ஆகஸ்ட் 22, காலை 11.30

இதுவரை ஒழுங்காகப் போகிறது. ஒரு பதிவை மட்டும் நீக்கியிருக்கிறேன். மதத்தைச் சொல்லித் திட்டியது. இரண்டாவது, மட்டக்களப்புக்காரரின் லாட்ஜ், வார்டு, பெயர் எதையும் யாரும் கேட்கவோ எழுதவோ வேண்டாம்.

---

திருப்பத்தூரான்
ஆகஸ்ட் 22, மதியம் 1.17

எல்லாரும் வெளிநாட்டுக் கதையே பேசறீங்க. நம்ம பழைய வட ஆற்காடு மாவட்டத்துலயே ஒண்ணு இருக்கு.

1980 ஆகஸ்ட் 6. நக்சல் ஒருத்தனைப் பிடிச்சு கார்ல கூட்டிட்டு வர்றப்ப, அவன் குண்டை வெடிக்க வச்சான். ஆய்வாளரும் 3 போலீஸ்காரங்களும் போயிட்டாங்க. எங்கப்பா அப்போ வேற ஸ்டேஷன்ல கான்ஸ்டபிள், மறுநாள் பந்தோபஸ்துக்கு வந்தவர். அந்த ஆய்வாளரோட சின்ன மகள் அழுததைப் பத்தி எங்கப்பா ஒரு தடவைதான் சொன்னார், அப்புறம் சொன்னதே இல்ல. அதுக்கு அப்புறம் நடந்த வேட்டைக்கு அந்தக் குழந்தை பேரைத்தான் வச்சாங்க, "ஆபரேஷன் அஜந்தா"ன்னு. திருப்பத்தூர்ல நினைவுத் தூண் இருக்கு. வருஷா வருஷம் ஆகஸ்ட் 6 மலர்வளையம், துப்பாக்கி மரியாதை. ரெண்டு வாரம் முன்னாடிகூட நடந்துச்சு.

அதே வேட்டையில போலீஸ் கையால செத்தவங்களுக்கும் குடும்பம் இருந்துச்சு. ஜவ்வாது மலைப் பக்கம், தருமபுரிப் பக்கம் போய்க் கேட்டா வேற கதை சொல்வாங்க. அவங்களுக்குத் தூண் இல்ல. போலீஸ்காரன் மகன் நானே சொல்றேன், இதை மறைச்சுப் பேச முடியாது.

---

பாகாயம்_பட்டறை
ஆகஸ்ட் 22, இரவு 8.03

நான் செயற்கைக் கால் பட்டறையில வேலை பார்க்கறேன். 19 வருஷம் ஆச்சு. சட்டம் எனக்குத் தெரியாது. 5 லட்சம்னு பேசறீங்களே, அது எத்தனை நாள் வரும்னு மட்டும் சொல்றேன்.

கால் போனவங்களுக்கு முதல்ல துண்டான இடத்துல மாவுக்கட்டு சுத்தி அச்சு எடுப்போம். அதுல சாக்கெட் செஞ்சு மாட்டிப் பார்ப்போம். முதல் ஆறேழு மாசத்துல வீக்கம் வத்தும், சாக்கெட் லூசாகும், மறுபடியும் அச்சு. முழங்காலுக்குக் கீழ போயிருந்தா ஓரளவு சுலபம், மேல போயிருந்தா முட்டிக்கும் சேர்த்துச் செய்யணும், செலவு எங்கேயோ போயிடும். இதெல்லாம் பெரியவங்களுக்கு. குழந்தைன்னா எலும்பு வளர்ந்துகிட்டே இருக்கும். கிட்டத்தட்ட வருஷத்துக்கு ஒரு கால். எட்டு வயசுல அடிபட்ட பையனுக்குப் பதினெட்டு வயசுக்குள்ள எத்தனை கால்னு நீங்களே எண்ணிக்குங்க. அப்புறம் வயசு ஏறினாலும் 3, 4 வருஷத்துக்கு ஒண்ணு தேஞ்சு போகும்.

வெடியில அடிபட்டவங்க பைக் ஆக்சிடென்ட் ஆனவங்க மாதிரி இல்ல. மண்ணு, துணி, இரும்பு எல்லாம் சதைக்குள்ள போயிருக்கும். காதுச் சவ்வு கிழிஞ்சிருக்கும், ஆனா முதல்ல யாரும் காதைப் பார்க்கமாட்டாங்க, ரத்தம் வர்ற இடத்தைத்தான் பார்ப்பாங்க. மணிப்பூர்ல இருந்து ஒரு அம்மா வந்திருந்தாங்க. நாம கூப்பிட்டா திரும்ப மாட்டாங்க, அதிர்ச்சியில இருக்காங்கன்னே எல்லாரும் நினைச்சோம். காதே கேட்கலைன்னு ரெண்டாவது வாரம்தான் தெரிஞ்சுது. ராத்திரி இல்லாத கால் அரிக்குதும்பாங்க. அரிக்கும், நிஜமாவே அரிக்கும். கண்ணாடி முன்னாடி உட்கார வச்சு இருக்கற காலைச் சொறியச் சொல்வோம். சிலருக்குக் கேட்கும்.

எங்க இடத்தை ஆரம்பிச்ச மேரி வர்கீஸ் அம்மாவே 1954ல கார் விபத்துல இடுப்புக்குக் கீழ உணர்வு போனவங்க. சக்கர நாற்காலியில உட்கார்ந்தே தொழுநோயாளிங்க கைக்கு ஆபரேஷன் பண்ணினாங்க. 1966ல பாகாயத்துல மறுவாழ்வு மையம் வந்துச்சு. இங்க வர்றவங்ககிட்ட யார் குண்டு வச்சாங்க, எந்த நாடுன்னு நாங்க கேட்கறதில்ல. பில் கவுன்ட்டர்ல மட்டும் கேட்பாங்க. இந்தியனா, வெளிநாடான்னு.

@பாலாறு, அந்தப் பொண்ணுக்கு காது டெஸ்ட் எடுத்தாச்சான்னு கேளுங்க. ஒரு காது நல்லா இருந்தா ஸ்கூல்ல எந்தப் பக்கம் உட்காரணும்னு யாராவது சொல்லியிருக்காங்களான்னு கேளுங்க. பைசா செலவில்லாத வைத்தியம் அது. இடது காது போனவங்க வகுப்புல இடது ஓரமா உட்கார்ந்தா டீச்சர் குரல் நல்ல காதுப் பக்கம் விழும்.

---

குடியாத்தம்2அபுதாபி
ஆகஸ்ட் 22, இரவு 9.20

பாகாயம் ணா, இத்த படிச்சிட்டு ரெண்டு நிமிஷம் சும்மா உக்காந்துட்டேன்.

---

சத்துவாச்சாரி_வக்கீல்
ஆகஸ்ட் 23, காலை 7.35

"ஐ.நா. என்னதான் பண்ணுது"ன்னு தனிச் செய்தியில ரெண்டு பேர் கேட்டிருந்தீங்க.

செப்டம்பர் 11 தாக்குதல் நடந்து 17 நாள்ல, 2001 செப்டம்பர் 28, பாதுகாப்பு கவுன்சில் 1373 தீர்மானம் போட்டுச்சு. எல்லா நாட்டையும் கட்டுப்படுத்தும். காசை முடக்கு, அடைக்கலம் தராதே, தகவல் பகிர்ந்துக்கோ. 17 நாள்! மனசு வச்சா அவ்வளவு வேகம். காசு விஷயத்தைக் கண்காணிக்க எஃப்.ஏ.டி.எஃப். இருக்கு. பாகிஸ்தானை 2018 ஜூன்ல சாம்பல் பட்டியல்ல போட்டு 2022 அக்டோபர் வரைக்கும் இழுத்தாங்க. கடன் வாங்கறது கஷ்டமாகும், அதுக்குப் பயந்தாவது சில பேர் மேல கேஸ் போட்டாங்க. ஆம்பூர் பாய்க்கு வந்த மெயிலும் அதே பெரிய மெஷினோட ஒரு பல்சக்கரம்தான்.

இன்னொரு பக்கம், பயங்கரவாதம்னா என்னன்னு எல்லாரும் ஒத்துக்கற ஒரே உடன்படிக்கை வேணும்னு 1996ல இந்தியாதான் வரைவு கொடுத்துச்சு. இன்னைக்கு வரைக்கும் நிறைவேறலை. விமானக் கடத்தலுக்கு ஒண்ணு, பணயக் கைதிக்கு ஒண்ணு, குண்டுவெடிப்புக்கு 1997ல ஒண்ணு, நிதிக்கு 1999ல ஒண்ணுன்னு துண்டு துண்டா இருக்கு. மொத்தமா ஒரு வரையறைன்னு வந்தா நின்னுடுது. அந்நிய ஆக்கிரமிப்பை எதிர்க்கறவன் பயங்கரவாதியா? ஒரு அரசோட ராணுவம் பொதுமக்கள் மேல குண்டு போட்டா அது என்ன? இந்த ரெண்டு இடத்துல தட்டுது.

நம்மூருக்கு நீரில்லா ஆறு, அரசனில்லாக் கோட்டை, சாமியில்லாக் கோயில்னு பழைய வசனம் உண்டே, அதுல வரையறை இல்லாக் குற்றத்தையும் சேர்த்துக்கலாம். சும்மா சொல்லலை. வேலூர் ஜெயிலைத் தாண்டிப் போறப்ப நாம எல்லாரும் பேசின கேஸ், ராஜீவ் காந்தி கேஸ். 1999 மே மாசம் சுப்ரீம் கோர்ட்டு கொலைக்கும் சதிக்கும் தண்டனையை உறுதி பண்ணுச்சு, 4 பேருக்குத் தூக்கு. ஆனா அதே தீர்ப்புல தடா சட்டப்படி இது பயங்கரவாதச் செயல் இல்லைன்னு அந்தக் குற்றச்சாட்டை ரத்து பண்ணிட்டாங்க. அரசை மிரட்டணும், மக்களை அச்சுறுத்தணும்ங்கற நோக்கம் நிரூபணம் ஆகலைன்னு. மனிதவெடிகுண்டு வச்சு ஒரு முன்னாள் பிரதமரைக் கொன்னதுக்கே அப்படி.

---

திருப்பத்தூரான்
ஆகஸ்ட் 23, காலை 8.10

அந்தக் கேஸ்ல உள்ள இருந்தவங்க பேர் நம்ம எல்லாருக்கும் மனப்பாடம். ஸ்ரீபெரும்புதூர்ல கூடவே செத்த போலீஸ்காரங்க பேர் ஒண்ணு சொல்லுங்க பார்ப்போம். விடுதலை சரியா தப்பான்னு நான் பேச வரலை, நெறியாளர் பயப்பட வேணாம். பேர் ஒண்ணு சொல்லுங்க, அவ்வளவுதான்.

---

கோட்டைவாசல்_ஓய்வு
ஆகஸ்ட் 23, காலை 9.02

எனக்கும் தெரியவில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது.

வரையறை என்று வக்கீலம்மா சொன்னதும் மக்கான் சந்திப்பில் இருக்கும் வேலூர் சிப்பாய்ப் புரட்சி நினைவுத் தூண் ஞாபகம் வந்தது. 1806 ஜூலை 10. தலைப்பாகையும் தாடியும் மீசையும் பிரச்சினையாகி, சிப்பாய்கள் விடிவதற்கு முன்னால் கோட்டையைப் பிடித்தார்கள். ஆற்காட்டில் இருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து திரும்பப் பிடித்தான். அன்றைக்குச் சரணடைந்தவர்களைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டதும் நடந்தது. ஆஸ்பத்திரியில் படுத்திருந்த வெள்ளைக்கார நோயாளிகளைச் சிப்பாய்கள் கொன்றதும் நடந்தது. ஒவ்வொரு ஜூலை 10-ம் மலர்வளையம் வைக்க ஏற்பாடு செய்தவர்களில் நானும் ஒருவன். பந்தல், நாற்காலி, மைக் செட், எல்லாம் என் கையெழுத்தில். தூணுக்கு வணக்கம் வைப்பதில் எனக்கு இரண்டாவது எண்ணமே கிடையாது. ஆனால் அந்த ஆஸ்பத்திரி வரியைப் படித்த வருஷம் மைக்கில் பேசக் கூப்பிட்டார்கள், பேசாமல் வந்துவிட்டேன்.

---

பாலாறு_ஜெராக்ஸ்
ஆகஸ்ட் 23, மதியம் 2.26

அவர் காலையில லேமினேஷனுக்கு வந்தார். காது டெஸ்ட் எடுத்தாச்சாம். உட்கார்ற பக்கம் பத்திச் சொன்னேன். "ஆறு வருசமா ஒருத்தரும் சொல்லேல்ல"ன்னார். அந்தப் பொண்ணு உடனே கடையில ஸ்டூலைத் தூக்கி எனக்கு இடது பக்கம் போட்டுட்டு உட்கார்ந்துச்சு, டெஸ்ட் பண்ணிப் பார்க்கறாளாம்.

அவங்க ஊர்ல காசு கொஞ்சம் வந்துச்சாம். கோர்ட்டுல ஏதோ தீர்ப்புன்னு சொன்னார், எனக்குச் சரியா புரியலை. யாருக்காவது தெரியுமா?

---

ஆற்காடு_மக்கன்பேடா
ஆகஸ்ட் 23, மாலை 6.48

அதை நான் தொடர்ந்து படிச்சவன். (வரலாறு வாத்தியார், பள்ளிக்கூடத்துல இதைப் பேச முடியாது, இங்கயாவது பேசறேன்.)

2019 ஏப்ரல் 21க்கு முன்னாடியே, ஏப்ரல் 4 அன்னைக்கே, இந்தியாவுல இருந்து கொழும்புக்குத் தகவல் போச்சு. சர்ச்சுங்க மேல தற்கொலைத் தாக்குதல் வரலாம், பண்ணப்போறது ஸஹ்ரான்ங்கற தீவிரவாதத் தலைவனோட ஆளுங்கன்னு. கோயம்புத்தூர் கேஸ் ஒண்ணை என்.ஐ.ஏ. (தேசியப் புலனாய்வு முகமை) விசாரிச்சப்ப கிடைச்ச துப்புன்னு அப்போ செய்தி வந்துச்சு. தாக்குதலுக்கு முன்னாடி மறுபடியும் எச்சரிக்கை. நம்ம தமிழ்நாட்டுல கிடைச்ச துப்பு கடல் தாண்டிப் போய்ச் சேர்ந்துடுச்சு. அங்க போய் மேசையில உட்கார்ந்துகிச்சு. ஜனாதிபதிக்கும் பிரதமருக்கும் பேச்சுவார்த்தை இல்லாத நேரம். 3 சர்ச், 3 ஹோட்டல், 260க்கும் மேல உயிர். அதுல வெளிநாட்டுக்காரங்க 40க்கும் மேல, நம்மாளுங்க 11 பேர்.

ஒத்துழைப்பு தோத்ததுன்னு இதை எப்படிச் சொல்றது? நாட்டுக்கு நாடு ஒத்துழைப்பு ஜோராத்தான் நடந்திருக்கு. ஒரே கட்டிடத்துல மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் நடுவுலதான் நடக்கலை.

பாதிக்கப்பட்டவங்க அடிப்படை உரிமை மீறல்னு கேஸ் போட்டாங்க. 2023 ஜனவரி 12, இலங்கை உச்ச நீதிமன்றம், முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனா தன் சொந்தக் காசுல 10 கோடி ரூபாய் கட்டணும்னு சொல்லிடுச்சு. போலீஸ் மா அதிபருக்கும் உளவுத் தலைவருக்கும் தலா 7.5 கோடி, பாதுகாப்புச் செயலாளருக்கு 5 கோடி. இலங்கை ரூபாய்தான், ஆனா யோசிச்சுப் பாருங்க. தகவல் வந்தும் தூங்கினதுக்கு ஆள் பேர் சொல்லி அபராதம். நம்ம பக்கம் அப்படி ஒரு தீர்ப்பை நான் படிச்சதில்ல.

இன்னொரு மாதிரி பிரான்ஸ். என் அக்கா பாண்டிச்சேரியில கட்டிக்கொடுத்து, அத்தான் பிரெஞ்சுக் குடியுரிமை, பாரிஸ் பக்கத்துல இருக்காங்க. அவங்க வீட்டு இன்சூரன்ஸ் ரசீதைக் காட்டினாங்க. அதுல தனியா ஒரு வரி, சில யூரோ, பயங்கரவாதப் பலிகள் நிதிக்கு. 1986ல பாரிஸ்ல குண்டு வெடிச்ச வருஷம் கொண்டுவந்த ஏற்பாடு. வீடு, கார், கடைன்னு இன்சூர் பண்றவன் ஒவ்வொருத்தன்கிட்டயும் சில்லறையா எடுக்கறாங்க. பிரான்ஸ் மண்ணுல அடிபட்டா எந்த நாட்டு ஆளா இருந்தாலும் கொடுக்கறாங்க. பிரெஞ்சுக்காரனுக்கு வெளிநாட்டுல அடிபட்டாலும் கொடுக்கறாங்க. குடியாத்தம் தம்பி கேட்ட கேள்விக்கு எங்கேயோ ஒரு ஊர்ல பதில் இருக்குங்கறதுக்காகச் சொன்னேன்.

---

குடியாத்தம்2அபுதாபி
ஆகஸ்ட் 23, இரவு 10.15

வாத்தியாரே, நம்ம ஊர்ல பைக் இன்சூரன்ஸே பாதி பேர் போலீசுக்குப் பயந்துதான் போடறான் 😀 ஆனா ஐடியா நல்லா கீது. பாஸ்போர்ட் ஆபீஸ்ல, எமிக்ரேஷன் கட்டற எடத்துல 100 ரூபா எக்ஸ்ட்ரா வாங்கினா நாங்க வேணாம்னா சொல்லப் போறோம்?

---

சத்துவாச்சாரி_வக்கீல்
ஆகஸ்ட் 24, காலை 7.05

வேலைக்குப் போறவங்களுக்கு ஏற்கெனவே பிரவாசி இன்சூரன்ஸ் ஒண்ணு இருக்கு தம்பி. உங்க பாலிசியை எடுத்து விபத்து மரணம்ங்கற பகுதியை நிதானமா படிங்க, போர், பயங்கரவாதம் விலக்கு ஏதாவது போட்டிருக்கான்னு. முதல் பக்கத்தைக் காட்டித்தான் விப்பாங்க, விலக்கெல்லாம் உள்ள இருக்கும். படம் எடுத்து எனக்கு அனுப்புங்க, பார்த்துச் சொல்றேன்.

லாக்கர்பீ விமானக் குண்டுவெடிப்பு மாதிரி அரசே பொறுப்பேத்துக்கிட்டு ஒவ்வொரு குடும்பத்துக்கும் 1 கோடி டாலர் கொடுத்த கதையும் உண்டு. 270 உயிர், 1988. லிபியா கொடுத்தது மனசு இரங்கி இல்ல. தவணை தவணையா பிரிச்சு, ஐ.நா. தடை நீங்கினா இவ்வளவு, அமெரிக்கத் தடை நீங்கினா இவ்வளவுன்னு பேரம் பேசிக் கொடுத்தாங்க. பின்னாடி அமெரிக்கா நின்னா அது நடக்கும். மட்டக்களப்புக்குப் பின்னாடி யார் நிப்பா?

@கோட்டைவாசல் சார், உள்ளூர் விஷயம் ஒண்ணு விட்டுப்போச்சு. 50 சதவீதம் எட்டாதவங்க மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுல மனு போடலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல 357ஏ பிரிவு, தமிழ்நாட்டுத் திட்டம் 2013ல வந்தது. குற்றவாளி யாருன்னே தெரியாட்டாலும் போடலாம்.

---

கோட்டைவாசல்_ஓய்வு
ஆகஸ்ட் 24, காலை 8.40

உண்மைதான் அம்மா, விட்டுவிட்டேன். இன்னொன்றும் விட்டுப்போனது: பயங்கரவாதத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு மத்தியத் தொகுப்பில் எம்.பி.பி.எஸ். இடங்கள் சில உண்டு. நான் வேலையில் இருந்தவரை அதற்கென்று ஒருவர்கூட எங்கள் மேசைக்கு வந்ததில்லை. சுற்றறிக்கை வந்தது, பதிவேட்டில் ஒட்டினோம், பதிவேடு பீரோவுக்குள் போனது. அந்தப் பீரோ சாவி என்னிடம்தான் இருந்தது.

---

பாலாறு_ஜெராக்ஸ்
ஆகஸ்ட் 25, இரவு 8.30

அவங்க இன்னைக்கு காட்பாடியில ரயில் ஏறிட்டாங்க. நீங்க எழுதினதுல முக்கியமானதை ரெண்டு பக்கமா டைப் பண்ணி பிரின்ட் எடுத்துக் கொடுத்தேன். சர்ச்சுல மத்தவங்களுக்கும் காட்டறேன்னு வாங்கிக்கிட்டார். இந்தியாவுல என்ன தர்றாங்கன்னு கேட்டதுக்கு 5 லட்சம், 50 சதவீதம்னு சொன்னேன். "அப்ப இங்கயும் எனக்குக் கிடைக்காது"ன்னு சிரிச்சார்.

கடையை மூடறப்ப பார்த்தா அந்த எக்ஸ்ரே கவுன்ட்டர்லயே இருக்கு. ஸ்கேன் பண்ண எடுத்து வச்சது. ஃபோன் போட்டா எடுக்கலை, ப்ளைட்ல இருப்பார். மட்டக்களப்புக்கு தபால்ல எப்படி அனுப்பறது, மடிக்கலாமா?

---

பாகாயம்_பட்டறை
ஆகஸ்ட் 25, இரவு 8.41

மடிக்காதீங்க. மடிச்ச கோடு வெள்ளையா விழும், அடுத்த டாக்டர் அதையும் இரும்புத் துண்டுன்னு நினைச்சுடுவார். ரெண்டு அட்டைக்கு நடுவுல வச்சு ஒட்டுங்க. ஃபோன்ல படம் எடுத்து அனுப்பறதானா லைட்டுக்கு முன்னாடி பிடிச்சு எடுங்க, ஃப்ளாஷ் வேணாம்.

---

கோட்டைவாசல்_ஓய்வு
ஆகஸ்ட் 25, இரவு 9.00

ஹெட் போஸ்ட் ஆபீஸில் வெளிநாட்டுத் தபாலுக்குச் சுங்கப் படிவம் கேட்பார்கள். "பொருளின் மதிப்பு" என்ற இடத்தைக் காலியாக விடாதே, திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஏதாவது ஒரு தொகை எழுது. காலையில் 10 மணிக்கு நான் வருகிறேன்.